கிழக்குக் கரையின் கடற்காப்பகங்களை ஒரே வலையமைப்பாக்குவது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் புறாமலை, 1963ஆம் ஆண்டில் சரணாலயமாகவும் 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. சுற்றியுள்ள கடலையும் சேர்த்து அதன் பரப்பு 471 ஹெக்டேயர். அதாவது ஐந்து சதுர கிலோமீற்றருக்கும் குறைவு. நூறளவிலான முருகைக்கல் இனங்களும் முந்நூறளவிலான மீன் இனங்களும் அங்கு பதிவாகியுள்ளன. எமது மாவட்டத்தவர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எண்கள் இவை. ஆயினும் அங்கே நீந்தும் மீன்களிற் பல தம் வாழ்நாள் முழுவதையும் அந்த எல்லைக்குள் கழிப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த குடம்பியாக வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து, சிறு குஞ்சாகக் கடற்புல்லிலோ கண்டல் வேர்களிடையிலோ ஒதுங்கி வளர்ந்து, அதன் பின்னரே அவை மீனவர் ‘பார்’ என்று அழைக்கும் பாறைத்திட்டுக்கு வந்து சேருகின்றன. அந்தப் பாதையில் ஓரிடம் அழிந்துபோனால், புறாமலையைச் சுற்றி எத்தனை காவற்படகுகள் நின்றாலும் மீன் குறைந்துகொண்டே போகும்.

எனவே கடல்சார் பாதுகாக்கப்பட்ட பகுதிகளை மேம்படுத்துவது என்றால், ஒவ்வொன்றையும் தனித்தனியே சீர்செய்வது மட்டுமன்று. அவற்றுக்கிடையிலுள்ள தொடர்பைச் சீர்செய்வதும் ஆகும். அந்த வேலையை எங்கே தொடங்கி எப்படி நடத்தலாம் என்பதை, மீனவர் சங்க நிர்வாகிகளையும் பிரதேச செயலக உத்தியோகத்தர்களையும் சுழியோடிகளையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக மாணவர்களையும் மனத்திற்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

கையில் இருப்பதைக் கணக்கெடுத்தல்

புதிய காப்பகம் கேட்டு மனு எழுதுவதற்கு முன்னர், ஏற்கெனவே உள்ளவற்றை ஒரே வரைபடத்தில் குறியுங்கள். வடக்கே கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டிலேயே சரணாலயமானது. அதற்குத் தெற்கே புறாமலை. திருகோணமலைத் துறைமுகத்தினுள்ளே பெரிய, சிறிய சோபர் தீவுகள் 1963ஆம் ஆண்டில் சரணாலயங்களாயின. மட்டக்களப்பு மாவட்டத்தில் காயங்கேணி முருகைக்கற்பாறை 2019ஆம் ஆண்டில் கடற்சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு சங்கிலியின் கண்ணிகள் போலத் தோன்றும். ஆனால் யாரும் இவற்றைச் சங்கிலியாக நினைத்து அமைக்கவில்லை. வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்தோடு, பெரும்பாலும் பறவைக்காகவும் நிலத்துக்காகவும் அறிவிக்கப்பட்டவை இவை.

ஒவ்வோர் இடத்துக்கும் வர்த்தமானி அறிவித்தலைத் தேடி எடுத்து, எல்லை எங்கே முடிகிறது என்று வாசியுங்கள். தீவின் நீர்விளிம்போடு முடியும் எல்லைக்கும், கடலுக்குள் நீளும் எல்லைக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரியது. பின்னர் எந்தச் சட்டம் அங்கே செல்லுபடியாகும் என்று குறியுங்கள். தேசிய பூங்காவும் சரணாலயமும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரியவை. மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்துக்குள் வருகின்றன. கரையோர வலயம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், கடல் மாசடைதல் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் கையாளப்படுகின்றன. ஒரே முருகைக்கல்லின் மேல் நான்கு அலுவலகங்களின் கை இருக்கக்கூடும். ஒரு கையும் இல்லாத இடங்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையைத் தெளிவாகக் கண்டுபிடிப்பதே கணக்கெடுப்பின் பெரிய பயன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தை அண்டிய சில நீர்ப்பரப்புகளில் கடற்படையின் அனுமதியின்றி எவரும் நுழைய முடியாது. அவை காப்பகங்கள் அல்ல. ஆனால் வலை விழாத நீர் காப்பகத்தின் வேலையையும் செய்யக்கூடும். உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையின் நாடுகள் 2018ஆம் ஆண்டில், காப்பகம் என்ற பெயரில்லாமலே நீண்டகாலம் உயிரினத்தைக் காக்கும் இத்தகைய பரப்புகளைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டன. பெயரைவிடப் பயனே முக்கியம் என்பதால், அவற்றையும் வேறு நிறத்தில் வரைபடத்தில் இடுங்கள்.

காகிதமும் கடலும்

2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, உலகெங்குமுள்ள 87 கடற்காப்பகங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. மீன்பிடி முற்றாகத் தடைசெய்யப்பட்டிருத்தல், தடை உண்மையாகவே நடைமுறையில் இருத்தல், பத்தாண்டுக்கு மேற்பட்ட வயது, நூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்பு, ஆழ்நீராலோ மணற்பரப்பாலோ சூழப்பட்டுத் தனித்திருத்தல் என்னும் ஐந்து பண்புகளில் நான்கோ ஐந்தோ இருந்த இடங்களில் மட்டுமே மீன்வளம் பெரிதும் உயர்ந்திருந்தது. ஒன்றிரண்டு பண்புகள் மட்டும் கொண்டவை, சாதாரணமாக மீன்பிடிக்கப்படும் இடங்களிலிருந்து வேறுபடவேயில்லை.

இந்த ஐந்தையும் வைத்து உங்கள் வரைபடத்திலுள்ள ஒவ்வோர் இடத்தையும் நேர்மையாக மதிப்பிடுங்கள். புறாமலைக்கு வயது உண்டு, பரப்பு இல்லை. நூறு சதுர கிலோமீற்றர் காப்பகம் ஒன்றை நிலாவெளிக்கும் குச்சவெளிக்கும் இடையே இன்று எவராலும் அமைக்க முடியாது. அமைத்தால் அங்குள்ள சிறுபடகுக் குடும்பங்கள் பட்டினி கிடக்கும். ஆகவே எம்மால் முடிந்தது இரண்டு: இருக்கும் சிறிய இடங்களில் தடையை உண்மையாக்குவது, அவற்றை ஒன்றோடொன்று இணைப்பது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டையும் பற்றியதே.

பரப்பைப் பற்றிச் சிந்திக்கும்போது உதவும் ஒரு விதி உண்டு. நீங்கள் காக்க விரும்பும் மீன் நாளாந்தம் சுற்றித் திரியும் தூரத்தைப்போல் குறைந்தது இருமடங்காவது காப்பகத்தின் நீளம் இருக்கவேண்டும். சில நூறு மீற்றருக்குள் மேயும் சிறிய கிளிமீனுக்குப் புறாமலை போதும். கிலோமீற்றர் கணக்கில் ஓடும் பாரை மீனுக்கு அது, தான் சுற்றித் திரியும் பரப்பின் ஒரு மூலை மட்டுமே.

இணைப்பைத் தேடுதல்

இதுதான் வேலையின் நடுப்பகுதி. அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

கடலுயிர்கள் தம் குடம்பிப் பருவத்தில் எவ்வளவு காலம் மிதக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முருகைக்கற்களின் குடம்பிகளிற் பல சில நாட்களிலேயே படியத் தொடங்கிவிடுகின்றன. கோமாளி மீனின் குஞ்சு பத்து நாளளவில் இடம் தேடுகிறது. கடலட்டைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பாறை மீன்களிற் பலவற்றுக்கு ஒரு மாதமளவு. சிங்கி இறாலின் குடம்பியோ பல மாதங்கள் திறந்த கடலில் அலைகிறது. ஆகவே ‘காப்பகங்களுக்கிடையே எவ்வளவு தூரம் இருக்கலாம்’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கலிபோர்னியா மாநிலம் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தன் கரை முழுவதற்கும் வலையமைப்பு வகுத்தபோது, காப்பகங்கள் 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் அமைய வேண்டும் என்று வழிகாட்டு நெறி வைத்தது. அது குளிர்ந்த கடலுக்கும் அங்குள்ள மீன்களுக்கும் வகுத்த அளவு. புறாமலைக்கும் காயங்கேணிக்கும் இடையே நேர்கோட்டில் 80 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. சிங்கி இறாலுக்கு அது தூரமே அல்ல. நான்கைந்து நாளில் படியும் முருகைக்குடம்பிக்கு அது பெரும்பாலும் தாண்ட முடியாத இடைவெளி. எனவே நடுவில் படிக்கற்கள் வேண்டும். மூதூருக்குக் கிழக்கே, சம்பூரிலிருந்து இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல் வரையான கரையோரத்தில் உயிருள்ள பாறைத்திட்டுகள் எங்கெங்கே உள்ளன என்று தேடுவதே முதற்பணியாக இருக்கவேண்டும் என்பது என் துணிபு.

நீரோட்டம் எத்திசையில் செல்கிறது என்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வாடைக்காலத்தில் வங்காள விரிகுடாவின் கரையோர நீரோட்டம் எமது கரையை ஒட்டித் தெற்கே பாய்கிறது. பருவம் மாறும்போது அந்த ஓட்டமும் மாறுகிறது. இந்தப் பொதுவான படத்துக்குள் உள்ளூர் நுணுக்கத்தை நிரப்புபவர்கள் மீனவர்கள். அறுந்துபோன வலையும் கழன்றுபோன மிதவையும் எந்த மாதத்தில் எந்தக் கரையில் ஒதுங்கின என்று கேளுங்கள். நூறு மிதவைகளின் கதையைச் சேர்த்தால் ஒரு நீரோட்ட வரைபடம் கிடைக்கும். எந்த மீன் எந்த மாதத்தில் எந்தப் பாரில் சினையோடு கூடுகிறது என்பதையும் கேளுங்கள். ஆனால் அந்த இடங்களைப் பொது வரைபடத்தில் ஒருபோதும் வெளியிடாதீர்கள். சினை கூடும் பார் வெளியாருக்குத் தெரிந்துவிட்டால் இரண்டு பருவத்தில் வெறுமையாகிவிடும். நம்பிச் சொன்னவரிடம் அந்த நம்பிக்கையைக் காப்பதும் இந்த வேலையின் பகுதியே.

மூன்றாவது இணைப்பு கரையிலிருந்து கடலுக்குச் செல்வது. மகாவலி கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. வண்டலும் நன்னீரும் சேரும் முகத்துவாரத்தில் முருகைக்கல் நன்றாக வளராது. அதனால் முருகைக்கல்லை மட்டும் தேடுபவர்கள் அந்தக் குடாவை ஒதுக்கிவிடுகிறார்கள். அது பெரும் தவறு. கொட்டியாரக்குடாவின் ஓரத்துக் கண்டலும், தம்பலகாமக் குடாவின் ஆழமற்ற நீரும், அங்குள்ள கடற்புல்லும் மீன்குஞ்சுகளின் தொட்டில்கள். பாருக்கு மீன் அனுப்பும் இடத்தை விட்டுவிட்டுப் பாரை மட்டும் காப்பது, நாற்றுமேடையை விட்டுவிட்டு வயலுக்கு வேலி கட்டுவது போன்றது. ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பாறைத்திட்டுக்கும் எதிரே, அதற்குக் குஞ்சு அனுப்பக்கூடிய களப்பையும் கண்டலையும் எழுதுங்கள். கண்டலை வெட்டுதல், இறால் பண்ணைக்கு நிலம் எடுத்தல், குப்பையால் கரையை நிரப்புதல் ஆகியவை பற்றிய முடிவுகள் பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் எடுக்கப்படுகின்றன. அங்கே உங்கள் பட்டியல் மேசையில் இருக்கவேண்டும்.

ஒரே கூடையில் வைக்காதிருத்தல்

1998ஆம் ஆண்டில் கடல் சூடேறியபோது கற்பிட்டியின் ‘பார் ரீப்’ எனப்படும் முருகைக்கற்பாறையிலும் ஹிக்கடுவையிலும் ஆழமற்ற நீரிலிருந்த முருகைக்கற்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. திருகோணமலைப் பாறைகள் அந்த முறை பெரும்பாலும் தப்பின. ஆனால் 1970களின் தொடக்கத்தில் முட்கிரீட நட்சத்திர மீன்கள் பெருகி முருகைக்கல்லைத் தின்றது இந்தத் திருகோணமலைக் கடலில்தான். 1964 டிசம்பர் சூறாவளி திருகோணமலையைத் தாக்கியது. 1978 நவம்பர்ச் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. கேடு எல்லா இடத்துக்கும் ஒரே ஆண்டில் வருவதில்லை. அதனால் ஒவ்வொரு வகை வாழிடத்துக்கும், அதாவது ஆழமற்ற முருகைப்பாறை, ஆழமான கற்பாறை, கடற்புல், கண்டல் ஆகிய ஒவ்வொன்றுக்கும், ஒன்றிலிருந்து ஒன்று நன்கு விலகிய குறைந்தது மூன்று காக்கப்பட்ட இடங்களாவது வலையமைப்பில் இருக்கவேண்டும். ஒன்று மடிந்தாலும் மற்றொன்றின் குடம்பி அதை மீட்கும்.

மீனவரோடு அமர்தல்

எல்லை வரைவதற்கு முன் பேசுங்கள்; வரைந்த பின் பேசுவது அறிவித்தல் மட்டுமே. நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் சுவரில் மாட்டிய வரைபடம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த முதிய மீனவர் ஒருவர் இரண்டு மணி நேரம் ஒரு சொல்லும் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போனார். ஐம்பது ஆண்டு கடலில் இருந்த மனிதர். அவரை மறுபடி அழைத்துவர எங்களால் முடியவில்லை. அன்றிலிருந்து நான் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது, வரைபடம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கவேண்டும்; எல்லைகள் பாகைக் கணக்கில் மட்டுமன்றி, குன்று, கோபுரம், கலங்கரை விளக்கம் எனக் கடலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களாலும் சொல்லப்படவேண்டும் என்பதே.

யாரை அழைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். சங்கத் தலைவர்கள் தாமாகவே வருவார்கள். களப்பில் மட்டியும் இறாலும் எடுக்கும் பெண்கள், வெருகல், வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் குடும்பங்கள், கிண்ணியாவின் சிறுவலைத் தொழிலாளர், கரைவலை இழுக்கும் கூலிகள் ஆகியோர் அழைத்தாலன்றி வரமாட்டார்கள். தடையினால் முதலில் இழப்பவர்களும் அவர்களே. பெரிய இயந்திரப்படகு வைத்திருப்பவர் பத்துக் கிலோமீற்றர் தள்ளிப் போவார். வள்ளத்தில் துடுப்புப் போடுபவரால் முடியாது. தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து, வாடி எனப்படும் தற்காலிகக் குடிசை அமைத்துத் தொழில் செய்வோரும் உண்டு. உள்ளூரார் வகுத்த விதி அவர்களுக்குத் தெரியாவிட்டால் முதற்சண்டை அங்கேதான் வெடிக்கும்.

ஒவ்வொரு தடைக்கும் எதிரே ‘இதனால் யார், எந்த மாதத்தில், எதை இழக்கிறார்’ என்று எழுதுங்கள். இழப்பு கடுமையானால் எல்லையை நகர்த்திப் பாருங்கள், அல்லது முழுத் தடைக்குப் பதிலாகச் சினைக்கால மூடலை வையுங்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டம் மீன்பிடிக் குழுக்களை அமைக்க இடம் தருகிறது. மீனவரே தம் பகுதிக்கு விதி முன்மொழிய அது ஒரு வாயில். டைனமைட் வெடிப்போரைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுப்புத் தேவையில்லை. ஒரு வெடி, மீனோடு முருகைக்கல்லையும் தூளாக்குகிறது. நொறுங்கிய கற்குவியலின் மேல் புதுக்கல் பற்றி வளரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆனால் வெடிச்சத்தம் கேட்ட மீனவர் தயங்காமல் தகவல் சொல்ல வேண்டுமானால், சொன்னவரின் பெயர் வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். கடற்றொழில் திணைக்களம், கடற்படை, கரையோரக் காவல் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம் ஆகிய நான்கும் ஏற்கும் ஒரே முறைப்பாட்டு வழியை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

சித்திரை வெயிலும் சுற்றுலாவும்

வாடை ஓய்ந்து கடல் அமைதியாகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் நிலாவெளிக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்குகிறார்கள். கடல் மிகச் சூடாக இருப்பதும் அதே மாதங்களில்தான். சூட்டினால் நலிந்த முருகைக்கல்லின் மேல், பயணிகளின் மிதிப்பும் நங்கூரமும் ஒரே நேரத்தில் விழுகின்றன. இதை மாற்றுவது எம் கையில் இருக்கிறது.

அமெரிக்கச் சமுத்திர, வளிமண்டல நிர்வாகம் செய்மதி மூலம் கடல் வெப்பத்தை அளந்து இலவசமாக வெளியிடுகிறது. ஓரிடத்தின் வழக்கமான உச்ச மாதச் சராசரியைவிட ஒரு பாகையோ அதற்கு மேலோ கூடிய சூட்டின் அளவையும் அது நீடித்த வாரங்களையும் சேர்த்துக் கணிக்கும் அளவு அதில் உண்டு. அது நான்கைத் தொட்டால் கணிசமான வெளிறல் வரும்; எட்டைத் தொட்டால் கற்கள் மடியத் தொடங்கும். நான்கைத் தொட்டதும் ஆழமற்ற பகுதியில் நீந்துவதை நிறுத்துவது, ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பது என்று படகுச் சங்கத்தோடு முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ளுங்கள். வெளிறியபின் கூட்டம் போட்டால் பருவமே முடிந்துவிடும். வெளிறிய கல் இறந்த கல் அன்று என்பதையும் படகோட்டிகளுக்குச் சொல்லுங்கள். அதனுள் வாழ்ந்த நுண்பாசிகள் நீங்கியதால் அது வெண்மையாகிறது, சூடு தணிந்தால் அவை திரும்பக்கூடும்.

மற்றவை எளியவை. நங்கூரத்துக்குப் பதிலாக நிலையான கட்டுமிதவைகள், கல்லின் மேல் நிற்கக்கூடாது என்பதைப் படகு புறப்படுமுன்னரே சொல்லுதல், நீந்தத் தெரியாதவருக்கு மிதப்புச் சட்டை. நீந்தத் தெரியாதவர் பயத்தில் காலூன்றுவது முருகைக்கல்லின் மேல்தான்.

அளந்து பார்த்தல்

ஐம்பது மீற்றர் நாடா, நீருக்கடியில் எழுதும் பலகை, ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் நிழற்படங்கள் ஆகியவை போதும். முக்கியமானது ஒழுங்கு: எல்லாக் காப்பகங்களிலும் ஒரே முறை, ஒரே மாதம், ஒரே படிவம். நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களிடம் முறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காப்பகத்துக்கு வெளியே, மீன்பிடி நடக்கும் ஒத்த பாறையிலும் அளக்காவிட்டால், உள்ளே கண்ட மாற்றம் பாதுகாப்பால் வந்ததா என்று சொல்ல முடியாது. கிடைத்த எண்களை மீனவர் வாடிகளில் தமிழில் ஒட்டுங்கள்.

மாவட்ட எல்லைக்கு அப்பால்

திருகோணமலைக்கு அருகே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக நெருங்கி வருகிறது. நீலத்திமிங்கிலமும் எண்ணெய்த்திமிங்கிலமும் இங்கே தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கையின் கீழ் இது சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த கடற்பகுதியாக விவரிக்கப்பட்டுள்ளது. விவரிப்பு பாதுகாப்பு ஆகாது. கப்பற்பாதைகளையும் திமிங்கிலம் பார்க்கும் படகுகளையும் பற்றிய விதிகள் தேசிய மட்டத்தில் வரவேண்டும். 2022 டிசம்பரில் நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கின்படி, 2030க்குள் கடலின் 30 வீதம் காக்கப்படவேண்டும். அந்தக் கணக்கை எவரும் நுழையாத தூரக் கடலால் மட்டும் நிரப்பிவிட்டு, வலை விழும் கரையோரத்தை விட்டுவிடாதபடி நாம் குரல் கொடுக்கவேண்டும்.

அயலோடு இணங்காத விதி எவ்வாறு ஓட்டையாகும் என்பதற்குக் கடலட்டை ஓர் உதாரணம். இந்தியா 2001ஆம் ஆண்டில் அதைப் பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. இலங்கையில் அனுமதிப்பத்திரத்துடன் பிடிக்கலாம். குடம்பி இரு கரைக்கும் பொதுவானது, சட்டம் பொதுவானதல்ல. மாவட்டங்களுக்கிடையேயும் இதே நிலை வரக்கூடும். ஆகவே திருகோணமலை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு மாவட்டங்களின் கடற்றொழில் உத்தியோகத்தரும் மீனவர் சம்மேளனங்களும் ஆண்டுக்கு இருமுறையாவது ஒரே மேசையில் அமர ஏற்பாடு செய்யுங்கள். முதற்கூட்டத்தை மார்ச்சில், கடல் அமைதியாகுமுன் வையுங்கள்: சூட்டு எச்சரிக்கை உடன்பாடு, கட்டுமிதவைகள், வெளியூர் வாடிகளுக்கான விதிகள் ஆகியவற்றை அதில் முடியுங்கள். இரண்டாவதை ஒக்டோபரில், வாடை எழுமுன் வையுங்கள்: அந்தப் பருவத்தின் அளவீடுகளைப் பார்த்து, அடுத்த பருவத்துக்கு எந்த எல்லையை நகர்த்துவது என்று தீர்மானித்து, மழைக்கு முன் மிதவைகளின் கயிறுகளைக் கழற்றிக் கரையேற்றுங்கள்.